முற்றெச்சம்

எனக்குப் பதினேழு வயது நடந்தபோது, ஓர் இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் சொல்லத் தெரியாமல் இருபது பேருக்கு மத்தியில் விழித்துக்கொண்டு நின்றேன். அந்த விழிப்பு இன்னும் முழுசாகத் தெளியவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அது 1997-ம் வருஷம், சித்திரை மாதத்து வெயில். பல்லடத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் கிராமத்தில், பிள்ளையார் கோயில் வேப்ப மரத்தடியில் ஆயக்கட்டுக்காரர்கள் கூடியிருந்தார்கள். யாரோ பொள்ளாச்சியிலிருந்து இங்கிலீஷ்ப் பத்திரிகைத் துண்டு ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தைப் பற்றிய சமாசாரம் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது. மேற்கொண்டு படிக்க ஆள் வேண்டுமே! நான் அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு, ஊரிலேயே பெரிய படிப்பாளி என்ற எண்ணத்தோடு சுற்றிக் கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள்.

நானும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இடமலையாறு வேலையைக் கேரளாக்காரங்க முடிச்ச பொறகுதான், ஆனைமலையாத்துத் தண்ணியை நாம திருப்பலாம்னு ஒப்பந்தத்துல இருக்குதுங்க" என்று சொல்லி முடித்தேன்.

மேற்குத் தோட்டத்து அப்பாரு காது கொஞ்சம் மந்தமானவர். கையைக் காதில் குவித்துக்கொண்டு கேட்டார்: "முடிச்ச பொறகுன்னா என்ன கண்ணு? அங்கதான் அணையைக் கட்டிக் கரண்டே எடுத்துட்டாங்கங்கறாங்களே. இன்னும் என்ன முடியோணும்?"

"அதுல 'கம்ப்ளீட்'னு போட்டிருக்குதுங்க அப்பாரு."

"கம்ப்ளீட்டுன்னா?"

"முடியறதுங்க... இல்லீங்க, நெறையறதுங்க..."

"ரெண்டும் ஒண்ணா கண்ணு?"

அவ்வளவுதான். நான் மேலும் கீழும் பார்த்தேன். அவர் என்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. அவருடைய தோட்டத்தில் தென்னை காய்ந்துகொண்டிருந்தது; அதனால் கேட்டார். அந்தக் கேள்விக்குள் எங்கள் தாலுகாவின் ஐம்பது வருஷத்துச் சரித்திரம் அடங்கியிருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பிறகு நான் கல்லூரிக்குப் போனேன். இரண்டாவது வருஷத்தோடு நின்றும் விட்டேன். தண்ணீரில்லாத வருஷத்தில் தகப்பனாருக்கு ஆள் தேவைப்பட்டது. இன்றைக்கும் ஏதாவது பாரம் பூர்த்தி செய்யும்போது "டிகிரி கம்ப்ளீட்டடா?" என்று ஒரு கட்டம் வரும். அதில் பேனாவை வைக்கும்போதெல்லாம் அப்பாருவின் கேள்வி ஞாபகத்துக்கு வரும். என் படிப்பு முடிந்துதான் போயிற்று, சந்தேகமே இல்லை. ஆனால் நிறைந்ததா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

வார்த்தைகளின் குலமுறையைக் கொஞ்சம் விசாரிப்போம். இங்கிலீஷ்காரன் 'கம்ப்ளீட்' என்று சொல்வது லத்தீன் பாஷையிலிருந்து வந்தது. அங்கே அதன் மூலத்துக்கு 'நிரப்புதல்' என்று அர்த்தம். குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறோம். விளிம்பு மட்டம் வந்ததும் நிறுத்துகிறோம். அதுதான் 'கம்ப்ளீட்'. 'பினிஷ்' என்ற சொல்லும் லத்தீனிலிருந்து வந்ததே. ஆனால் அதன் மூலமான 'பினிஸ்' என்பதற்கு எல்லை, வரப்பு என்று பொருள். உழுதுகொண்டே போகிறோம், வரப்பு வந்ததும் மாட்டைத் திருப்புகிறோம். அதுதான் 'பினிஷ்'. ஒன்று குடத்தைப் பார்த்துப் பிறந்த வார்த்தை. மற்றொன்று வரப்பைப் பார்த்துப் பிறந்தது. 'குளோஸ்' என்பது மூடுதல். கதவைச் சாத்திப் பிறந்தது. 'பெர்பெக்ட்' என்பதற்கு, செய்ய வேண்டியதை ஒழுங்காகக் கடைசி மட்டும் செய்துவிடுதல் என்று மூலப் பொருள்.

இந்தப் 'பினிஸ்' குடும்பத்தில் நமக்குத் தெரிந்த உறவினர் இருவர் உண்டு. அபராதத்தை 'பைன்' என்கிறோமே, அது இதே வம்சம். வழக்கை முடித்துக்கொள்ளக் கொடுத்த பணம் என்பதால் அந்தப் பெயர் வந்தது. இன்னொருவர் 'பைனான்ஸ்'! பழைய பிரெஞ்சு பாஷையில் கடனை அடைத்து முடிப்பதற்கு அந்தப் பெயர். பல்லடத்திலிருந்து திருப்பூர் வரையில் சாலையின் இருபுறமும் எத்தனை பைனான்ஸ் போர்டுகள் தொங்குகின்றன! கடனை முடிப்பது என்று அர்த்தமுள்ள ஒரு வார்த்தையின் கீழ், முடியாத கடனுக்கு மனிதர்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வார்த்தைகளுக்கும் விதி உண்டு போலும்.

நம் பாஷைக்கு வருவோம். 'முடிவு' என்பது முடிச்சுப் போடும் காரியம். கூந்தலை முடிவது போல, பணத்தை முந்தானையில் முடிந்துகொள்வது போல, ஒரு வேலையை இறுக்கிக் கட்டிவிட்டால் அது முடிந்தது. 'தீர்தல்' என்பது செலவழிந்து, விலகி, இல்லாமற் போவது. தீர்ப்பும் தீர்வையும் அதிலிருந்து வந்தவை. 'முற்றுதல்' என்பது கதிரைப் பார்த்து உண்டான வார்த்தை. பால் பிடித்து, மணி கட்டி, அறுப்புக்குத் தயாராக நிற்கும் நிலைமை. 'நிறைதல்' குடத்தைப் பார்த்து உண்டானது. இந்த இடத்தில் லத்தீன்காரனும் நாமும் ஒரே கிணற்றடியில் நின்றிருக்கிறோம். இவை போதாதென்று அரபியிலிருந்து 'பைசல்' வந்து சேர்ந்தது. என் தகப்பனாருடைய கணக்கு நோட்டில், கடன் அடைந்த பக்கங்களில் குறுக்கே ஒரு கோடு இழுத்துப் 'பைசல்' என்று எழுதியிருக்கும். அந்த வார்த்தையை எழுதும்போது மட்டும் அவர் பேனாவை அழுத்திப் பிடிப்பார்.

ஏட்டுச் சுவடிகளின் கடைசியில் 'முற்றிற்று' என்று எழுதி வைத்தார்கள். சினிமாக்காரர்கள் 'சுபம்' போட்டார்கள். நாங்கள் தொடர்கதை எழுதுகிறவர்கள் வாரா வாரம் 'தொடரும்' போட்டுக் கடைசி வாரத்தில் 'முற்றும்' போடுகிறோம். அந்த 'முற்றும்' எத்தனை பொய் என்பது எழுதுகிறவனுக்குத்தான் தெரியும். இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் ஒரே தட்டில் வைத்து, எல்லாவற்றுக்கும் 'கம்ப்ளீட்' என்று ஒரே வார்த்தையை எழுதிக் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? அந்தக் கதைதான் எங்கள் வாய்க்காலின் கதை.

எங்கள் பக்கம் மழை குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலை, மேகத்தையெல்லாம் அந்தப் பக்கமே கறந்துகொண்டு, எங்களுக்கு வெறும் காற்றை அனுப்பி வைக்கும். பழைய நாளில் கவலை பூட்டி, ஆழக் கிணற்றிலிருந்து தோல் பறியில் தண்ணீர் இறைத்தார்கள். கம்பும் சோளமும் பருத்தியும் விளைந்தன. அந்த மலைக்கு அப்புறம் மேற்கே ஓடிக் கடலில் விழும் தண்ணீரில் ஒரு பங்கைக் கிழக்கே திருப்பினால் கோயமுத்தூர் ஜில்லாவின் வறண்ட தாலுகாக்கள் பிழைக்கும் என்ற யோசனை சுதந்திரத்துக்குப் பின் வலுப்பெற்றது. காமராஜ் முதல் மந்திரியாக இருந்த காலம். மந்திரி சி. சுப்பிரமணியமும், பொள்ளாச்சிச் சட்டசபை அங்கத்தினர் நா. மகாலிங்கமும், வேட்டைக்காரன்புதூர் வி. கே. பழனிசாமிக் கவுண்டரும் இதற்காக உழைத்தவர்கள் என்று எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். 1961-ல் நேரு துவக்கி வைத்தார்.

தண்ணீர் வரும் வழியைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். நீராற்றுத் தண்ணீர் சோலையாற்றுக்குப் போகிறது, சோலையாற்றிலிருந்து பரம்பிக்குளம், அங்கிருந்து சுரங்கம் வழியாகத் தூணக்கடவு, அங்கிருந்து மறுபடி மலையைக் குடைந்து சர்க்கார்பதி மின் நிலையம், பிறகு மலை அடிவாரத்தை அணைத்தாற்போல் சுமார் 49 கிலோமீட்டர் ஓடித் திருமூர்த்தி அணை. இந்தக் கடைசிக் கால்வாய்க்கு எங்கள் ஜனங்கள் 'காண்டூர் கால்வாய்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காண்டூர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நான் சிறு வயதில் தேடியதுண்டு. அப்படி ஓர் ஊரே கிடையாது! மலையின் சம உயரக் கோட்டையொட்டி வெட்டிய கால்வாயை எஞ்சினீயர்கள் இங்கிலீஷில் 'காண்டூர்' என்று சொல்ல, நம்மவர்கள் அதையும் கீரனூர், சூலூர் போல் ஓர் ஊராக்கிக் குடியேற்றிவிட்டார்கள். இங்கிலீஷ் வார்த்தை எங்களிடம் தோற்றுப் போன இடம் அது. நாங்கள் இங்கிலீஷ் வார்த்தையிடம் தோற்ற இடத்தை இனிமேல் சொல்கிறேன்.

பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய மூன்று அணைகளும் கேரள பூமியில் இருக்கின்றன. கட்டியதும் பராமரிப்பதும் தமிழ்நாடு. ஆழியாறு அணை 1962-ல் ஆயிற்று. பரம்பிக்குளம் 1967-ல் ஆயிற்று. ஆனால் இரண்டு ராஜ்யங்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட தேதி என்ன தெரியுமா? 1970, மே 29. ஒப்பந்தம் 1958 நவம்பர் 9 முதல் அமலுக்கு வந்ததாகப் பின் தேதியிட்டு எழுதிக் கொண்டார்கள். அதாவது, பத்திரம் எழுதுவதற்கு முன்பே வீட்டைக் கட்டிக் குடி போய்விட்டார்கள்! ஒருவர் வாக்கை ஒருவர் நம்பி மலையைக் குடைந்தார்கள், ஆற்றைத் திருப்பினார்கள். இன்றைக்கு அதை நினைத்தால் கதையில் எழுதினால்கூட நம்பமாட்டார்கள் என்று தோன்றுகிறது.

கையெழுத்தான ஒப்பந்தத்தில் எல்லாருக்கும் பங்கு உண்டு. மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் பக்கத்துக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் விட வேண்டும். சோலையாற்றில் கேரளத்துக்கு 12.3 டி.எம்.சி. உண்டு. தமிழ்நாட்டுக்குச் சேர வேண்டியவற்றில் ஓர் இனம், ஆனைமலையாற்றிலிருந்து 2.5 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. இரண்டரை டி.எம்.சி.யை விரித்துப் பரப்பினால் சுமார் ஐம்பத்தேழாயிரம் ஏக்கரில் ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். கணக்கை நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

இந்த ஓர் இனத்துக்கு மட்டும் ஒரு நிபந்தனை. ஆனைமலையாறு, இடமலையாற்றில் சேர்வது. இடமலையாறு பெரியாற்றில் சேர்வது. மேலே நாம் தண்ணீரைத் திருப்பினால் கீழே இடமலையாற்றுக்கு வரத்துக் குறையும். ஆகையால் இடமலையாற்றில் கேரளம் தனக்கென்று திட்டமிட்டிருந்த அணையைக் கட்டி நிறைவேற்றிய பிறகு தமிழ்நாடு ஆனைமலையாற்றில் கை வைக்கலாம் என்று ஏற்பாடு. இதில் அநியாயம் ஒன்றும் இல்லை. முதலில் பாத்திரத்தை வைத்துக்கொள்கிறேன், பிறகு நீ எடுத்துக்கொள் என்று பக்கத்து வீட்டுக்காரன் சொன்னால் அதில் என்ன குற்றம்?

பாத்திரம் வந்தது. 1980-களில் இடமலையாற்றில் நூறு மீட்டருக்குச் சற்று மேல் உயரமுள்ள அணை எழுந்தது. 1987-ல் 75 மெகாவாட் மின்சார நிலையம் ஓடத் தொடங்கியது. தமிழ்நாட்டார், "வேலை கம்ப்ளீட் ஆகிவிட்டதே, எங்கள் பங்கை எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார்கள். கேரளத்தார், "எங்கே கம்ப்ளீட் ஆயிற்று? அணையும் மின்சாரமும்தான் ஆயின. இடமலையாற்றைச் சார்ந்த பாசன வேலை இன்னும் பாக்கி இருக்கிறதே!" என்றார்கள். பூதத்தான்கெட்டிலிருந்து எர்ணாகுளம், திருச்சூர் ஜில்லாக்களுக்குப் போக வேண்டிய கால்வாய் வேலை வருஷக்கணக்கில் இழுபறியாக இருந்தது வாஸ்தவம். அங்கேயும் நிலம் எடுக்க வேண்டும், பணம் வேண்டும், கண்டிராக்டர் வேண்டும். நம் ஊர்க் கால்வாய்களுக்கு உள்ள வியாதிகள் அந்த ஊர்க் கால்வாய்களுக்கும் உண்டு.

பார்த்தீர்களா? ஒரு கட்சி வரப்பைப் பார்த்துப் பேசுகிறது. அணை என்கிற வரப்பு வந்துவிட்டது, மாட்டைத் திருப்பு என்கிறது. மறு கட்சி குடத்தைப் பார்த்துப் பேசுகிறது. குடம் இன்னும் நிறையவில்லை என்கிறது. இரண்டு பேரும் உச்சரிப்பது ஒரே இங்கிலீஷ் வார்த்தையை. மேற்குத் தோட்டத்து அப்பாரு கேட்டாரே, "ரெண்டும் ஒண்ணா கண்ணு?" என்று. அந்தக் கேள்வியை ஒப்பந்தம் எழுதிய அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் ஒரு வரி கூடுதலாக எழுதியிருப்பார்கள்.

இங்கிலீஷ் பாஷையில் இதற்கு வழி இல்லாமலும் இல்லை. கட்டிட வேலை ஒப்பந்தங்களில் சீமைக்காரர்கள் 'பிராக்டிகல் கம்ப்ளீஷன்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். சில்லறைக் குறைகள் இருந்தாலும் குடியிருக்கத் தகுந்த நிலை வந்துவிட்டால் அந்தப் பெயர். அமெரிக்காவில் அதற்குச் சமமாக 'சப்ஸ்டான்ஷியல் கம்ப்ளீஷன்' என்பார்கள். வாசற்படிக்கு வர்ணம் பூசவில்லை என்பதற்காக வீட்டுக்காரன் கட்டிடம் முடியவில்லை என்று சாதிக்கக் கூடாது. வர்ணம் பூசிவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று கொத்தனாரும் சாதிக்கக் கூடாது. எது ஆனால் முடிந்ததாக அர்த்தம், யார் பார்த்துச் சர்டிபிகேட் கொடுப்பது, எத்தனை நாளில் கொடுப்பது என்றெல்லாம் பத்திரத்திலேயே எழுதிவிடுவார்கள். இரண்டு படுக்கையறை வீடு கட்டுவதற்கு இவ்வளவு முன்யோசனை உண்டு. ஆறுகளைத் திருப்புகிறபோது இல்லாமற் போயிற்று.

இன்னொன்றும் நடந்தது, அல்லது நடக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்யலாம் என்று ஏற்பாடு உண்டு. 1958-லிருந்து கணக்கிட்டால் 1988 நவம்பரில் முதல் தவணை. அந்தத் தவணையும் பேச்சுவார்த்தையோடு போயிற்று. பிறகு 2019 செப்டம்பர் 25-ந் தேதி, தமிழ்நாட்டு முதல்வர் எடப்பாடி பழனிசாமியும் கேரள முதல்வர் பினராயி விஜயனும் திருவனந்தபுரத்தில் சந்தித்தார்கள். குழுக்கள் அமைத்துப் பேசித் தீர்ப்பது என்று முடிவாயிற்று. குழுக்கள் அமைந்தன, கூடவும் கூடின. நான் இதை எழுதும் இன்று வரையில் ஆனைமலையாற்றில் ஒரு கல்லும் எழும்பவில்லை. இதற்கு நடுவில் காடும் மாறிவிட்டது. 2007-ல் ஆனைமலை புலிகள் காப்பகமாகிவிட்டது. அறுபதுகளில் வெடி வைத்துக் குடைந்த மாதிரி இப்போது குடைய முடியாது. குடையவும் கூடாது என்று சொல்கிறவர்களிடம் நியாயம் இல்லாமலில்லை. காத்திருக்கும் காலத்தில் கேள்வியே வேறாகிவிடும் என்பதற்கு இது உதாரணம்.

எங்கள் பக்கத்துக் கணக்கு வேறே இருக்கிறது. திருமூர்த்தி அணையை நம்பிய ஆயக்கட்டு விரிந்து விரிந்து 3 லட்சத்து 77 ஆயிரம் ஏக்கர் ஆயிற்று. ஆயக்கட்டு விரிந்தது, தண்ணீர் விரியவில்லை. நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்தார்கள். ஒரு மண்டலத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தண்ணீர். வாய்க்காலின் தலைமாட்டில் இருப்பவனுக்கு அது தண்ணீர். கடைமடையில் இருப்பவனுக்கு அது செய்தி. எங்கள் ஊர் கடைமடை. முறை வந்த வருஷத்தில் வாய்க்காலில் சருகு நகர்ந்து வருவதைப் பார்த்தே குழந்தைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடுவோம். சருகுக்குப் பின்னால் தண்ணீர் வரும் என்பது நம்பிக்கை. சில தடவை சருகு மட்டும் வந்தது.

தென்னை காய்ந்தவர்கள் ஆயிரம் அடிக்குப் போர் போட்டார்கள். போர் பொய்த்தவர்கள் கோழிப் பண்ணைக்குக் கொட்டகை போட்டார்கள், விசைத்தறி வாங்கினார்கள். பல்லடத்துக் கறிக்கோழி விலை இன்று நாலா பக்கமும் கேட்கப்படுகிறதென்றால், அதற்குக் கீழே வறண்ட கிணறுகளும் இருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. வெள்ளாமை முடிந்தது, வாழ்க்கை முடியவில்லை. எங்கள் ஜனங்கள் அப்படிப்பட்டவர்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்காகச் சித்தூர் போயிருந்தேன். அந்தப் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் நெல் விவசாயி. நான் பல்லடம் என்று சொன்னதும், "ஓ, எங்க தண்ணியைக் குடிக்கற ஊருங்களா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு ஆழியாற்றுத் தண்ணீர் மணக்கடவுக்கு நாள் தவறி வந்ததால் தம் நாற்று கருகிய கதையைச் சொன்னார். கடைசியில், "ஒப்பந்தத்துல இருக்கற தண்ணி முழுசா வந்துட்டதா உங்க ஆபீசர்ங்க சொல்றாங்க. கணக்குல முழுசா வருதுங்க. வயலுக்கு வர்றதில்லையே!" என்றார். எனக்குச் சாதம் இறங்கவில்லை. மேற்குத் தோட்டத்து அப்பாருவே மறுபிறவி எடுத்து மலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றியது. மலைக்கு இந்தப் பக்கம் 'கம்ப்ளீட்' என்ற வார்த்தை ஆகவில்லை என்பதால் தண்ணீர் இல்லை. அந்தப் பக்கம் அதே வார்த்தை ஆகிவிட்டது என்பதால் தண்ணீர் இல்லை.

பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழய்யா இலக்கணம் நடத்தும்போது வினைச்சொல்லை இரண்டாகப் பிரிப்பார். 'வந்தான்' என்றால் வாக்கியம் நின்றுவிடுகிறது, அது வினைமுற்று. 'வந்து' என்றால் காது இன்னும் எதையோ எதிர்பார்க்கிறது, அது எச்சம். எச்சம் என்றால் மிச்சம், பாக்கி. பாஷையையே முடிந்தது, பாக்கியுள்ளது என்று பங்கு பிரித்த ஜாதி நம்முடையது. மூன்றாவதாக ஒன்று சொல்வார்: முற்றெச்சம். 'உண்டனன் வந்தான்' என்கிறோம். 'உண்டனன்' என்பது பார்வைக்கு முற்று. உண்மையில் அது 'உண்டு' என்ற எச்சத்தின் வேலையைச் செய்கிறது. "உருவத்திலே முற்று, பொருளிலே எச்சம். இது செய்யுளில்தான் வரும், உலக வழக்கில் வராது" என்பார் தமிழய்யா. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். இடமலையாறு அணையை அவர் பார்த்ததில்லை. மலைமேல் நூறு மீட்டர் உயரத்துக்கு ஒரு முற்றெச்சம் சிமிட்டியில் நிற்கிறது!

இதை எழுதுவதால் ஆனைமலையாறு கிழக்கே திரும்பிவிடப் போவதில்லை. இரண்டு ராஜ்யத்துக்காரர்களிடமும் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். அந்த வார்த்தைக்கு ஓர் அர்த்தம் எழுதுங்கள். அணை என்றால் அணை என்று எழுதுங்கள். கால்வாய் என்றால் கால்வாய் என்று எழுதுங்கள். காட்டுக்காக இந்த இரண்டரை டி.எம்.சி. இனிக் கிடையாது என்று முடிவானால் அதையாவது துணிந்து எழுதுங்கள். 'இல்லை' என்று கேட்டவன் வேறு பிழைப்புப் பார்ப்பான். 'ஆகட்டும், இன்னும் ஆகவில்லை' என்று கேட்டவன் காய்ந்த தென்னையை வெட்டாமல் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். மேற்குத் தோட்டத்து அப்பாரு அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அவர் காலமாகி வெகு வருஷமாயிற்று. அவருடைய தோட்டம் கைமாறி, இப்போது அங்கே கோழிக் கொட்டகை இருக்கிறது.

முடிப்பதற்கு முன் வீட்டுப் பாஷை ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தாயார் அரிசி தீர்ந்துவிட்டது, உப்பு தீர்ந்துவிட்டது என்று ஒரு நாளும் சொல்ல மாட்டார். விளக்கு வைத்த வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாதாம். "அரிசி நெறைஞ்சிருக்குது, வாங்கிட்டு வா கண்ணு" என்பார். பானை காலியாக இருக்கும், வார்த்தை நிறைந்திருக்கும். நிறைவதும் தீர்வதும் ஒன்றா என்று அப்பாரு கேட்டார் அல்லவா? எங்கள் வீட்டு அடுப்படியில் அவை ஒன்றாகத்தான் இருந்திருக்கின்றன. எனக்குத்தான் அன்றைக்குச் சமயத்தில் ஞாபகம் வரவில்லை.

வெளியூர் நண்பர்கள் கடிதம் எழுதும்போது, "உங்கள் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் எப்படி?" என்று விசாரிக்கிறார்கள். நான் தாயாரின் பாஷையில் பதில் எழுதுகிறேன்: நிறைந்திருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டில் பிறந்தவர்களாக இருந்தால் புரிந்துகொள்வார்கள்.